நாய்க்குக் கிளிஞ்சல் போட்ட டாக்டர்

செய்தி வந்தபோது என் கையில் கையுறை இருந்தது. மேசையின் மேல் வயிறு பிளந்த கோழி ஒன்று கிடந்தது. அதன் கல்லீரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆய்வக உதவியாளர் என் செல்போனைக் காதருகே கொண்டுவந்து பிடித்தார். திரையில் குமரேசன் பெயர். எருமப்பட்டிப் பக்கத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். அவர் காலை வேளையில் கூப்பிட்டால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும்.

“டாக்டரம்மா, உசுரு போயிருச்சுங்க” என்றார்.

“எத்தனை?” என்றேன்.

எங்கள் தொழிலில் சாவுச் செய்திக்கு முதல் கேள்வி அதுதான். எத்தனை என்று தெரிந்தால்தான் நோயா, வெயிலா, தண்ணீரா என்று யோசிக்கவே தொடங்க முடியும்.  

“ஒண்ணுதானுங்க டாக்டரம்மா. நம்ம மாமா.”

அவர் மாமா என்றது டாக்டர் நல்லுசாமியை. குமரேசனுக்கு அக்காள் புருஷன். எனக்கு எதிர் மேசைக்காரர். ஒரே ஆய்வகத்தில் வருடக்கணக்காக ஒன்றாகக் கோழி அறுத்தவர். நான் அண்ணா என்று கூப்பிட்டவர். கையுறையைக் கழற்றினேனா, அந்தக் கோழியை யார் எடுத்துப் போட்டார்கள், எதுவும் எனக்கு நினைவில்லை. மோகனூர் ரோட்டில் இருந்த அவர் வீட்டுக்கு வண்டியில் போகும்போது, அவர் சாவுக்கு நான் “எத்தனை” என்று கேட்டுவிட்டேனே என்பது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அவரிடம் சொல்லியிருந்தால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பார். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். ஷெட் வாசலில் மருந்துத் தொட்டியில் காலை நனைக்காமல் உள்ளே நுழைந்து, அவரிடம் திட்டு வாங்காத பண்ணைக்காரர் நாமக்கல் வட்டாரத்தில் இருக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டுவார். எழுந்து வந்து திட்டுவது அவருக்குப் பிடிக்காத வேலை. நானோ ஒரு இடத்தில் நிலைகொள்ளாத பிறவி. நுண்ணோக்கிக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பேன். “அம்மிணி, சித்த உக்காரு. நீ நடக்கறதப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது” என்பார். அவரைப் பற்றி நிதானமாக எழுதித் தரும்படி நம் பண்ணையாளர் சங்கத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன். நிதானத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வரி எழுதினால் எழுந்து சமையலறை வரை போய்விட்டுத் திரும்புகிறேன். போன இடத்தில் எதற்கு வந்தேன் என்பதும் மறந்துவிடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சளி பிடித்த ஒரு கோழிக்கு ஊசி போடப் போனேன். அவர் தடுத்தார். “ஒத்தக் கோழி நமக்கு நோயாளி இல்ல அம்மிணி. அது சாட்சி. நோயாளி யாருன்னா, ஷெட்டு.” கேட்க ஈவிரக்கம் இல்லாத பேச்சுபோலத் தோன்றும். ஆனால் பல்லாயிரம் கோழிகள் ஒரே தண்ணீர்க் குழாயில் குடிக்கிற இடத்தில் அதுதான் சரியான வைத்தியம். ஒன்றை அறுத்துப் பார், மற்றவற்றைக் காப்பாற்று. அப்படிப் பழகிய மனிதரின் வீட்டுக்குள் ஒரு நாள், கும்பலாக வராமல், ஒற்றையாக ஒரு பிராணி வந்து இறங்கியது.

பெங்களூரில் இருந்த மகன் ஆசைப்பட்டு வாங்கிய நாய் அது. பிறகு மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. “ரெண்டு மாசம் பாத்துக்கங்கப்பா” என்று விட்டுவிட்டுப் போனவன், அந்த இரண்டு மாதத்தை முடிக்கவே இல்லை. ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்று இனத்தின் பெயரைச் சொல்லியிருந்தான். வெள்ளை உடம்பு, ஒரு காது பழுப்பு, ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு. உயரம் முழங்காலைக்கூட எட்டாது. நரியை வளைக்குள்ளேயே போய் விரட்டுவதற்காக அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வளர்த்தெடுத்த சாதி. நாமக்கல்லில் நரிக்கு எங்கே போக? முதல் வாரத்திலேயே கறிவேப்பிலைக் கன்றை வேரோடு தோண்டிப் போட்டது. சோபாவின் பஞ்சைக் கூடம் முழுக்கப் பரப்பியது. துணி துவைக்கும் மிஷின் மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாகத் தெருவுக்கே அறிவிப்புச் செய்தது. சாந்தாமணி அக்கா, அவர் மனைவி, அதற்கு மிளகு என்று பெயர் வைத்தார். அளவையும் காரத்தையும் பார்த்து வைத்த பெயர்.

ஒரு சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்தார். “அம்மிணி, இதுக்கு சுவிட்ச் எங்க இருக்குது?”

கட்டிப் போட்டுப் பாருங்கள் என்று யார் யாரோ சொன்னார்கள். ஒரு நாள் கட்டினார். அது ஓய்வில்லாமல் குரைத்துக் குரைத்துத் தொண்டை கம்மிப்போய், அப்போதும் நிறுத்தாமல் காற்றாக இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவிழ்த்துவிட்டார். மறுநாள் ஆய்வகத்துக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். “இதுக்குக் கொழுப்பு இல்ல அம்மிணி. வேலை இல்ல.” அவர் கண்டுபிடித்த வேலை என்ன தெரியுமா? முட்டை அடுக்குகிற காகித அட்டை. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? குழிகளுக்குள் உப்பில்லாத வேர்க்கடலையையும் வேகவைத்த கேரட் துண்டுகளையும் ஒளித்து, மேலே இன்னொரு அட்டையைக் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார். மிளகு அதை மோந்து, புரட்டி, கிழித்து, ஒவ்வொரு குழியாகத் துழாவி முடிக்கும்வரை வீடு வீடாக இருக்கும். டெரியருக்குக் காலுக்கு மட்டும் வேலை போதாது, மூளைக்கும் வேண்டும் என்று பிற்பாடு சேலத்துச் செல்லப்பிராணி டாக்டர் சொன்னார். அண்ணன் அதற்கு முன்பே அட்டை வியாபாரியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சேலத்து டாக்டரிடம் போனதே ஒரு கூத்து. மிளகு ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் நொண்டியடித்துத் துள்ளும். பிறகு காலை ஒரு உதறு உதறிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அண்ணன் பார்த்தார். கால் பலவீனம்! முட்டைக் கோழி டாக்டருக்குக் கால் பலவீனம் என்றால் வேறென்ன தோன்றும்? கூண்டில் நிற்கிற கோழி, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பைக் கொடுத்துக் கொடுத்துக் கால் சோர்ந்து உட்காரும். தீவனத்தில் கிளிஞ்சல் தூளைக் கூட்டினால் எழுந்துவிடும். வாழ்நாள் முழுக்க அவர் எழுதிக் கொடுத்த மருந்து. நாயின் சோற்றிலும் கிளிஞ்சல் தூளைக் கலந்துவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்தபோது அது பல நாள் தின்று தீர்த்திருந்தது.

“ஏனுங்கண்ணா, அது என்ன முட்டையா வெக்கப் போகுது?” என்று கத்தினேன். அவரையும் நாயையும் இழுத்துக்கொண்டு சேலம் போனேன். அங்கிருந்த பெண் டாக்டர், நாயின் முழங்காலை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்து, முட்டிச்சில்லு இடம் விட்டு நழுவுகிறது என்றார். சின்ன ஜாதி நாய்களுக்கு அடிக்கடி வருவதாம். கிளிஞ்சலை நிறுத்துங்கள், எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தனக்குள்ளேயே குலுங்கிக்கொண்டிருந்தார். மல்லூர் தாண்டியதும் வாய்விட்டுச் சிரித்தார். “எனக்கு யானையக் கொண்டாந்து காட்டுனாலும் எப்ப முட்டை வெக்கும்னுதான் கேப்பேன் போல அம்மிணி.” அடுத்த பண்ணையாளர் கூட்டத்தில் மேடையிலேயே இதைச் சொன்னார். நாய்க்குக் கிளிஞ்சல் போட்ட டாக்டர் என்று உங்களில் பலர் அவரைக் கேலி செய்தது அதற்குப் பிறகுதான். மனிதர் அந்தப் பெயரை விருதுபோலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

எடை கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? அன்றிலிருந்து பிடித்தது உங்களுக்குச் சனி. அவரைப் பார்க்க வருகிறவர்கள் சும்மா வரமாட்டீர்களே, கீறல் விட்ட முட்டைகளை அட்டை அட்டையாக நாய்க்கு என்று கொண்டுவருவீர்கள். “அது நாயா, உண்டியலா? வர்றவன் போறவனெல்லாம் போட்டுட்டுப் போறதுக்கு!” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். வாரத்துக்கு ஒன்றிரண்டு வேகவைத்த முட்டை, அவ்வளவுதான் அதன் பங்கு. மீதியைச் சாந்தாமணி அக்கா பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்.

அவர்கள் இருவரும் நடக்கப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் வெள்ளையாக ஒன்று சாய்ந்துகொண்டு இழுக்கும். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய கனத்த உடம்பு ஒன்று பாதி ஓட்டமாகப் போகும். கழுத்தில் பட்டை போட்டால் இழுக்கிற இழுப்பில் குரல்வளை நசுங்கும் என்று நெஞ்சோடு சேர்த்து மாட்டுகிற பெல்ட் வாங்கியிருந்தார். வெயில் ஏறிய பிறகு வெளியே இறக்க மாட்டார். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். தன் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது என்று திரும்பிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காதுமடல், விரலிடுக்கு எல்லாம் விலக்கி உண்ணி பார்ப்பார். உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கத்து நாய்களுக்கு எமன். பிறகு பல் விளக்கி விடுவார். “எனக்கு ஒரு மாத்திர எடுத்துக் குடுக்க நேரமில்ல, நாய்க்குப் பல்லு வெளக்கறாரு பாரு” என்பார் அக்கா. அண்ணன் விடமாட்டார். “உனக்குப் பல்லு வலிச்சா என்னைய நாலு பேச்சுப் பேசுவ. இதுக்கு வலிச்சா யாருகிட்டப் போயிச் சொல்லும்?”

அவர் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். குமரேசனின் பண்ணைக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அக்கா ஊரில் இல்லாததால் மிளகும் கூட வந்திருந்தது. ஷெட் பக்கம் விட முடியாது. கோழிகள் மிரண்டால் முட்டை குறையும், வெளிநாய் நோய் கொண்டுவரும். அதனால் தள்ளியிருந்த தீவன குடோனுக்குள் விட்டோம். மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே அது ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. ஒரு எலி, ஒரு உதறல், கீழே போட்டுவிட்டு அடுத்தது. குமரேசனுக்குக் கண் விரிந்துபோயிற்று. “மாமா, இதை எங்கிட்ட உட்டுருங்க. ராசாவாட்டம் வெச்சுக்கறேன்” என்றார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சிரிப்போடு மூலையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். அங்கே எலி மருந்துப் பொட்டலம். பக்கத்தில் தானாகச் செத்த எலி ஒன்று. மிளகின் மூக்கு அதன்மேல் இருந்தது.

அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பாய்ந்து நாயை அமுக்கிப் பிடித்து, தாடையைப் பிரித்து, விரலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே கத்தினார். “வாயத் தொற சாமி! தொற!” ஒன்றும் இல்லை. மருந்து தின்று செத்த எலியைத் தின்றாலே போதும், இந்த அளவு உடம்புக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிந்து முடிந்துவிடும். நாயைத் தூக்கிக் காரில் போட்டவர், மைத்துனரைப் பார்த்து, “மாப்ள, மருந்து வெக்கற எடத்துல நாய் கேக்காத” என்றார். அதன் பிறகு அங்கே அதை அழைத்துப் போகவே இல்லை.

இனி அவர் போன விதம். ஒரு காலை நடையில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றைத் தாண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சரிந்துவிட்டார். மிளகு விடாமல் குரைத்திருக்கிறது. வெல்டிங் சத்தத்தையும் மீறிக் கேட்டதால் பட்டறை ஆட்கள் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பயனில்லை. நன்றியுள்ள ஜீவன் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அசைய வேண்டியது அசையாவிட்டால் டெரியர் குரைக்கும், அவ்வளவுதான். ஆனால் இழவு வீட்டிலிருந்து ஆட்கள் கலைவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த வயசில் நாயோடு என்ன ஓட்டம்? அது இழுத்த இழுப்பில்தான் நெஞ்சு நின்றுபோயிற்று. காலனாக வந்த நாய். அதைச் சொன்னவர்களில் குமரேசனும் ஒருவர். கருமாதி முடிந்ததும் நாயைத் தன் பண்ணைக்குக் கொண்டுபோய்விடுவதாகவும், அக்கா வீட்டில் இனி அது இருக்கக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் தலையாட்டிவிட்டான். 

எனக்கு இரவெல்லாம் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. செத்ததை அறுத்துக் காரணத்தைப் பார்த்தே பிழைத்தவள் நான். மாரடைப்பு என்று ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது நடந்ததன் பெயர், காரணம் அல்லவே? ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் உண்மையா, ஓட்டம்தான் கொன்றதா என்று எனக்கே சந்தேகம். அதற்கு நடுவில் அந்தக் குடோன், அந்தப் பொட்டலம். நாயை நான் கேட்டு வாங்கலாம் என்றால், என் வீட்டில் மாமனார் கைத்தடியோடு நடக்கிறார். அவர் காலுக்குக் குறுக்கே ஒரு டெரியர் பாய்ந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். இப்படியே கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து விடிந்தது.

கருமாதி அன்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். அவருக்குப் பிடித்த வடை, பருப்பு, பாயசம். காக்கை வாய் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. காக்கைகளும் வந்தன. வந்த வேகத்தில் போயின. அறையில் அடைத்து வைத்திருந்த மிளகை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். சிறகுள்ள எதுவும் தன் சுவரில் உட்காரக் கூடாது என்பது அதன் சட்டம். காக்கை இறங்கும், இது எகிறும், காக்கை வேப்பமரத்துக்குப் போய்விடும். குமரேசன் சங்கிலியோடு துரத்தினார். மகன் ஈர வேட்டியோடு துரத்தினான். மொட்டை மாடியில் டெரியரைப் பிடித்தவர் எவர்? வயதானவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். “பசியோட போறாரு பாருங்க. இருக்கறப்பவும் அந்த நாயி, போனப்பொறவும் அந்த நாயி.”

சாந்தாமணி அக்கா எழுந்து வந்தார். சுவரிலிருந்த இலையை இரண்டு கையாலும் எடுத்தார். “துரத்தாதீங்கடா. அவரு எந்நாளும் இதுக்கு ஒரு வாய் குடுத்துட்டுத்தான் தின்னாரு. இதுவே தின்னுட்டுப் போகட்டும்” என்று தரையில் வைத்தார். மிளகு ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்தது. மாடி முழுக்க விசும்பல். முணுமுணுத்த கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் கண் மறைத்தது. நாய் இலையை மோந்தது. நேராகப் பாயசத்தில் மூக்கை வைத்தது. அப்போதுதான் பார்த்தேன். பாயசத்தில் உப்பி மிதந்தது உலர் திராட்சை.

நாய்க்குத் திராட்சை ஆகாது. காய்ந்ததாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் ஆகாது. சின்ன உடம்பென்றால் கொஞ்சமே போதும், சிறுநீரகம் நின்றுபோகும். என்ன செய்தேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. இலையை இழுத்து எறிந்திருக்கிறேன். சோறும் வடையும் மாடி முழுக்கச் சிதறின. கட்டிய புடவையோடு தரையில் விழுந்து நாயைப் பிடித்து, தாடையைப் பிரித்து விரலை விட்டேன். “வாயத் தொற! திராட்சடா! தொற சாமி!” வாய்க்குள் போயிருந்த ஒரே திராட்சையை, விழுங்குவதற்குள் நாக்கிலிருந்து வழித்தெடுத்தேன். விரலில் நன்றாக ஒரு கடியும் வாங்கினேன்.

“படையலப் போயிப் புடுங்கலாமாங்க டாக்டரம்மா?” என்று யாரோ அதட்டினார்கள்.

“கிட்னி போயிருமுங்க! ஒரு ஊட்டுல எத்தன சாவு வேணும் உங்களுக்கு?” என்று நான் கத்தினேன். என் குரல் தெரு முனைவரை போயிருக்கும்.

 நாய் என் கக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது. அக்கா என்னையே பார்த்தார். அந்த முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. “அவரே வந்து கத்துன மாதிரி இருக்குது அம்மிணி” என்றார். சொல்லிவிட்டு உடைந்து அழுதார். நாங்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல், “காக்கா! காக்கா!” என்றது. சிதறிய சோற்றை ஒரு கூட்டமே இறங்கிப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

பந்தி நடக்கும்போது குமரேசன் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்தார். “குடுங்க டாக்டரம்மா.”

“குடோன்ல மருந்து இன்னும் வெக்கறீங்களா?”

“வெக்காம எப்படிங்க? எலி தின்னது போகத்தான் கோழிக்கு மிச்சம். கட்டிப் போட்டு வெச்சுக்கறேன். எங்க மாமாவக் கொன்ன நாய் இங்க இருக்க வேண்டாமுங்க.”

அவரும் கெட்டவர் இல்லை. மாமனுக்காகக் குழந்தைபோல அழுதவர்.  பதில் அக்காவிடமிருந்து வந்தது.

“இங்க வாடா குமரேசா. சக்கரைக்கு நடக்கோணும்னு டாக்டரு சொன்னாரு, உங்க மாமன் கேக்கல. நான் அழுது சொன்னேன், கேக்கல. பையன் சொன்னான், கேக்கல. கல்லாட்டம் உக்காந்திருந்த மனுசனை இது வந்து வேட்டியக் கடிச்சு இழுத்துச்சு, எந்திரிச்சுப் போனாரு. இது வரலீன்னா அப்பவே போயிருப்பாரு. இத்தன வருசமும் இதுதான் அவர இழுத்துட்டுத் திரிஞ்சுது. கொன்னுச்சுன்னு என்ற ஊட்டுல ஒருத்தரும் சொல்லக் கூடாது.”

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரவு முழுக்க நடந்து நடந்து நான் தேடியது என் முன்னால் இருந்தது. அறுத்துப் பார்த்தால் சாவுக்குத்தான் காரணம் கிடைக்கும். அவர் இத்தனை காலம் இருந்ததற்கான காரணம் என் கையைக் கடித்துவிட்டு, தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தது. அக்கா நெஞ்சுப் பெல்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். “நான் பையனோட போறேன். இதுக்கு ஈடு குடுக்க என்ற இடுப்புல தெம்பில்ல. நீதான் ஒரு எடத்துல உக்காராத ஆளாச்சே. வெச்சுக்க” என்றார்.

இப்போது மிளகு என் வீட்டில் இருக்கிறது. மாமனார் நடக்கிற நேரத்தில் அதற்கு முட்டை அட்டை வேலை. மற்ற நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கண்காணிக்கிறார்கள். அதன் வாயோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இது நீண்ட ஆயுள் உள்ள இனம், அது ஓய்வதற்குள் என்னை ஓயவைத்துவிடும். என்னைப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து முட்டை கொண்டுவர வேண்டாம். அண்ணனுடைய படத்தை ஆய்வகத்தில் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள், மாட்டுங்கள். அவர் மேசையை, நுண்ணோக்கியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தப் பெல்ட் போதும்.

தினமும் காலையில் அவர் போன வழியிலேயே அது என்னை இழுத்துப் போகிறது. அந்தப் பட்டறை வரும். அவர் சரிந்த இடத்தில் அது நின்று மோந்து பார்க்கும், ஊளையிடும் என்று முதல் நாள் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. முன்னால் வேலியோரம் ஏதோ கீரி ஓடியிருக்க வேண்டும், அதற்கு அதுதான் முக்கியம். அந்த இடத்தில் நின்றுவிடுவது நான்தான். இன்றைக்கும் நின்றேன். அது திரும்பிப் பார்த்து ஒரு குரைப்புக் குரைத்தது. பிறகு உடம்பை முன்னால் சாய்த்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தது. நான் போனேன்.